ஆறு பேர், மூணு தலைமுறை, அஞ்சு ராத்திரி சிங்கப்பூர்: எதுக்குச் செலவழிக்கலாம், எதை விட்டுறலாம்?

பாளைவாசி

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து குடும்பமா சிங்கப்பூர் போகலாம்னு இருக்கோம். தாத்தாவுக்கு 74, ஆச்சிக்கு 70, நானும் வீட்டுக்காரியும், மகளுக்கு 10 வயசு, மகனுக்கு 4. இந்த ஒரு தடவை கணக்குப் பார்க்காம, அவங்களை அலைக்கழிக்காம, நல்ல ஓட்டல்ல தங்கவச்சுக் கூட்டிட்டு வரணும்.

தாத்தாவுக்குச் சுகரும் பிரஷரும் உண்டு. ஆச்சிக்கு முட்டுவலி. படி ஏற முடியாது, கொஞ்ச தூரம் நடந்தாலே உக்காரணும். நாங்க சைவம். ஆச்சி முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டாவ.

காலாண்டு லீவுல போறதா, மே மாசமா? எந்த ஊர்ல விமானம் ஏறணும்? மெரினா பே சாண்ட்ஸ் ஓட்டல்தான் நல்லதுன்னு எல்லாரும் சொல்லுதாங்க, அது சரியா? விசா, மருந்து, சாப்பாட்டுல என்னென்ன கவனிக்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கீழரதவீதி

முதல்ல தேதி. காலாண்டு லீவு செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் முதல் வாரத்திலும் வரும். அதை ஒட்டித்தான் சிங்கப்பூர்ல ஃபார்முலா ஒன் இரவுப் பந்தயம் நடக்கும். 2025-ல அக்டோபர் 3 முதல் 5 வரை, 2026-ல அக்டோபர் 9 முதல் 11 வரை. பந்தயம் ஓடுறதே மெரினா பே சுத்தியுள்ள தெருக்கள்ல. அந்த வாரம் அங்க ஓட்டல் வாடகை எகிறிடும், ரோடெல்லாம் அடைச்சிருப்பாங்க, டாக்ஸி சுத்திச் சுத்திப் போகும். பந்தயம் பார்க்கப் போகலைன்னா அந்த வாரத்தைத் தொடாதீங்க. அரையாண்டு லீவு கிறிஸ்துமஸ், புத்தாண்டோட சேர்ந்து வரும். அப்ப மழையும் உண்டு, கூட்டமும் உண்டு. மே 2-வது, 3-வது வாரம்தான் உங்களுக்குத் தோது. ஜூன்ல அங்க பள்ளிக்கூட லீவு, அதனால மே கடைசியைத் தாண்ட விடாதீங்க. ஞாயிறு போய் வெள்ளி திரும்புற மாதிரி போடுங்க. வெள்ளி, சனி ராத்திரிகளுக்குத்தான் வாடகை ஏறும்.

அடுத்தது விமானம். திருச்சியிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் நேரா விமானம் இருக்கு. ஆனா அதெல்லாம் சிக்கன விமானம், இருக்கை நெருக்கம். காசு போட்டு வசதியா போகணும்னு முடிவு பண்ணிட்டா சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். பயணம் ஏறக்குறைய நாலரை மணி நேரம். ஆறு பேருக்கும் பிசினஸ் வகுப்பு வேண்டாம், தாத்தா ஆச்சிக்கும் துணைக்கு ஒருத்தருக்கும் போட்டாப் போதும். சின்னப்பிள்ளைகளுக்கு நாலரை மணி நேரத்துல அதோட அருமை தெரியாது.

சென்னை வரைக்கும் எப்படிங்கிறதுலதான் நிறையப் பேர் சறுக்குதாங்க. வாகைக்குளத்துல, அதாவது தூத்துக்குடி விமான நிலையத்துல ஏறி சென்னை போய், அன்னைக்கே வெளிநாட்டு விமானம் பிடிக்கிற மாதிரி தனித்தனி டிக்கெட் எடுக்கிறது ஆபத்து. முதல் விமானம் தாமதமானா ரெண்டாவது டிக்கெட் போச்சு, யாரும் பொறுப்பேற்க மாட்டாங்க. உள்நாட்டு விமானத்துல ஆளுக்கு 15 கிலோதான் பெட்டி. வெளிநாட்டு டிக்கெட்டுக்கு உள்ள கூடுதல் எடையை நம்பிப் பெட்டி கட்டினா வாகைக்குளத்துலயே தண்டம் கட்டணும். அங்க வர்ற ஏ.டி.ஆர்.ங்கிற சின்ன விமானத்துல படி ஏறித்தான் உள்ள போகணும், அது ஆச்சிக்கு ஆகாது.

என் யோசனை, முந்தின நாள் வந்தே பாரத் எக்ஸிகியூட்டிவ் வகுப்பு. காலை ஆறு மணி வாக்குல திருநெல்வேலியில ஏறினா மத்தியானம் சென்னை. எழும்பூர் வரைக்கும் போகாம தாம்பரத்துல இறங்கிருங்க, விமான நிலையம் அங்கிருந்துதான் பக்கம். அன்னைக்கு ராத்திரி விமான நிலையத்துப் பக்கமே ஓட்டல்ல தூங்கிட்டு மறுநாள் பகல் விமானம். நெல்லை எக்ஸ்பிரஸ் முதல் வகுப்பு ஏ.சி.யும் நல்லதுதான், ஆனா அதுல ஆச்சிக்குக் கீழ் பெர்த் உறுதியாகணும். ஆறு டிக்கெட்டையும் ஒரே பி.என்.ஆர்.ல, முன்பதிவு திறக்கிற 60-வது நாளே எடுத்துருங்க.

பகல் விமானம்னு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ராத்திரி விமானத்துல போனா விடியக்காலம் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துல இறங்குவீங்க. ஓட்டல்ல அறை கொடுக்கிறது பிற்பகல் 3 மணி. தூக்கமில்லாத நாலு வயசுப் பிள்ளையையும் முட்டுவலிக்கார ஆச்சியையும் வச்சுக்கிட்டு ஒன்பது மணி நேரம் எங்க உக்காருவீங்க? ராத்திரி விமானம்தான் அமைஞ்சதுன்னா முந்தின ராத்திரிக்கும் சேர்த்து அறை போட்டு, 'காலை 7 மணிக்கு வர்றோம்'னு ஓட்டலுக்கு எழுதி உறுதி வாங்கிருங்க. எழுதலைன்னா ராத்திரி ஆள் வரலைன்னு அறையையே ரத்து பண்ணிட வாய்ப்பிருக்கு.

சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே கேக்கணும். அதுல மூணு வகை இருக்கு. தூரம் மட்டும் நடக்க முடியாதவங்களுக்கு ஒண்ணு, படியும் ஏற முடியாதவங்களுக்கு ஒண்ணு, இருக்கை வரைக்கும் தூக்கிக் கொண்டுபோகணும்னா ஒண்ணு. ஆச்சிக்கு ரெண்டாவது, டிக்கெட்ல அதுக்குக் குறி டபிள்யூ.சி.ஹெச்.எஸ். வெறுமனே 'வீல்சேர்'னு போட்டா முதல் வகையில சேர்த்துருவாங்க. விமானத்தைப் படிக்கட்டு வச்சு இறக்கினா அங்க மாட்டிக்கிடுவாவ.

வண்ணாரப்பேட்டை அக்கா

தேதியும் ரயிலும் அண்ணாச்சி சொன்னதுதான் சரி. நான் ஓட்டலைப் பத்திச் சொல்லுதேன், அதுலதான் உங்க பணத்துல பெரும்பங்கு போகும்.

மெரினா பே சாண்ட்ஸ் 2010-ல திறந்தது. மூணு கோபுரம், 57-வது மாடியில 150 மீட்டர் நீள நீச்சல்குளம். அந்தக் குளத்துக்குள்ள தங்கியிருக்கிறவங்களை மட்டும்தான் விடுவாங்க. எல்லாரும் ஆசைப்படுறது அதுக்காகத்தான். ஆனா ஓட்டல் ரொம்பப் பெருசு. பதிவு செய்யுற இடத்துல வரிசை, லிப்டுக்கு நடை, சாப்பிடப் போக நடை. கீழ எந்நேரமும் திருவிழாக் கூட்டம். உங்க குடும்பத்துக்கு நான் ஷாங்ரி-லாவைத்தான் சொல்லுவேன். ஆர்ச்சர்ட் ரோட்டுக்குப் பக்கத்துல 15 ஏக்கர் தோட்டத்துக்கு நடுவுல இருக்கு. டவர் விங்ல பிள்ளைகளுக்குன்னே அலங்கரிச்ச குடும்ப அறைகள் உண்டு, உள்ளயே விளையாட்டுக்கூடமும் இருக்கு. தாத்தா ஆச்சி காலையில தோட்டத்துல காத்தாட உக்காரலாம். பொட்டானிக்கல் கார்டன்ஸும் காருல கொஞ்ச தூரம்தான். 1859-ல ஆரம்பிச்ச பூங்கா, 2015-ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்தது, உள்ள போகக் கட்டணம் கிடையாது.

எந்த ஓட்டலா இருந்தாலும் இதைக் கேட்டு எழுத்துல வாங்குங்க: உள்கதவு வச்ச ரெண்டு அறை. 'கனெக்டிங் ரூம் ரிக்வெஸ்ட்'னு இணையத்துல டிக் அடிச்சா அது வெறும் விண்ணப்பம், போய் நிக்கும்போது ஒண்ணு 12-வது மாடியிலயும் இன்னொண்ணு 17-வது மாடியிலயும் கிடைக்கும். 'உறுதி செய்யப்பட்டது'ங்கிற வார்த்தை பதில்ல இருக்கணும். பக்கத்துப் பக்கத்து அறைன்னு சொன்னா அதுல உள்கதவு இருக்காது, ராத்திரி ஆச்சி கூப்பிட்டா வராந்தா வழியாத்தான் ஓடணும். அதோட, குளியலறையில தொட்டி இல்லாம தரையோட இருக்கிற ஷவர் கேளுங்க. தொட்டி விளிம்பைத் தாண்டிக் கால் தூக்கி வைக்கிறதுதான் முட்டுவலிக்காரங்களுக்கு வினை. ஆறு பேர் பேரையும் வயசையும் பதிவுல சேருங்க. சேர்க்காத ஆளுக்குக் காலைச் சாப்பாடும் குளத்து அனுமதியும் சிக்கலாகும். கிளப் லவுஞ்ச் (கூடுதல் காசு குடுத்தவங்களுக்கு மட்டும் சிற்றுண்டி தர்ற கூடம்) உள்ள அறை எடுத்தா, பிள்ளைகளைச் சாயங்கால நேரம் உள்ள விடுவாங்களா, வயசு வரம்பு என்னன்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. நிறைய இடத்துல விடமாட்டாங்க, அப்ப குடுத்த கூடுதல் காசு வீண்.

வாடகையில '++'னு போட்டிருந்தா ஏமாந்துராதீங்க. அந்தத் தொகை மேல 10 சதவீதம் சேவைக் கட்டணம், அந்தக் கூட்டுத்தொகை மேல 9 சதவீதம் ஜி.எஸ்.டி. 500 வெள்ளின்னு (சிங்கப்பூர் டாலரை அங்க வெள்ளின்னுதான் சொல்லுவாங்க) காட்டினா கட்டவேண்டியது 599.50. ரெண்டு அறை, அஞ்சு ராத்திரின்னா 5,000 இல்ல, 5,995 வெள்ளி. பெரிய உணவகங்கள்ல பில்லும் இதே கணக்குத்தான், தனியா டிப்ஸ் வைக்கணும்னு இல்ல.

பணம் கட்டுறதுலயும் கவனம். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு 3.5 சதவீதம் மார்க்கப், அதாவது வங்கியோட கூடுதல் கட்டணம் வாங்குற கார்டுன்னா அதுக்கு மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக 4.13 சதவீதம். மேலே சொன்ன 5,995-க்கு ஏறக்குறைய 248 வெள்ளி சும்மா போகும். மார்க்கப் குறைஞ்ச கார்டோ, வெளிநாட்டுப் பணத்தை முன்னாடியே ஏத்தி வைக்கிற ஃபோரெக்ஸ் கார்டோ வாங்கிக்கோங்க. 'ரூபாயில கட்டுறீங்களா, வெள்ளியிலயா'ன்னு மெஷின் கேட்டா வெள்ளியையே அழுத்துங்க. ரூபாய்னு அழுத்தினா கடைக்காரன் பக்கத்து வங்கி தன் இஷ்டத்துக்கு மாத்து விலை போடும். அறை எடுக்கும்போது முன்பணமா ஒரு தொகையைப் பிடிச்சு வைப்பாங்க. அதுக்கு டெபிட் கார்டு கொடுக்காதீங்க. கிளம்புன பிறகும் அந்தப் பணம் விடுபட நாள் எடுக்கும்.

தென்காசிச் சாரல்

அக்கா சொன்னதுல ஓட்டல் விஷயத்துல எனக்கு மாற்றுக் கருத்து. ஷாங்ரி-லாவுல இருந்தா எதுக்கும் கார் வேணும். மெரினா பே சாண்ட்ஸ்ல இருந்து பூங்காவுக்கு மேம்பாலமே இருக்கு, லிப்ட்ல ஏறிச் சக்கர நாற்காலியைத் தள்ளிட்டே கார்டன்ஸ் பை தி பே போயிரலாம். கடைவீதி கீழயே. ஆச்சிக்குக் களைப்பா இருந்தா பத்து நிமிஷத்துல அறைக்குத் திரும்பலாம், மத்தவங்க தொடர்ந்து சுத்தலாம். நடை அதிகம்ங்கிறது உண்மை, ஆனா அத்தனையும் சமதளம். உங்க வீட்டுல சாயங்காலம் வெளிய போறதுதான் முக்கியம்னா சாண்ட்ஸ், பகல்ல தோட்டத்துல ஓய்வா இருக்கணும்னா ஷாங்ரி-லா. மூணு நாள் அங்க, ரெண்டு நாள் இங்கன்னு மட்டும் பிரிக்காதீங்க. ஆறு பேர் பெட்டியைக் கட்டி, ஒரு ஓட்டலைக் காலி பண்ணி, அடுத்த அறை கிடைக்கிற 3 மணி வரைக்கும் காத்திருந்தா ஒரு நாள் அதுலயே போயிரும்.

குளத்துக்கு நீச்சல் உடை கட்டாயம். பருத்தி டி-ஷர்ட், சுடிதாரோட இறங்க விடமாட்டாங்க. பிள்ளைகளுக்கு முழுக்கை நீச்சல் உடை இங்கயே வாங்கிருங்க.

இனி விசா. ஒவ்வொருத்தருக்கும் படிவம் 14ஏ, வெள்ளைப் பின்னணியில 35-க்கு 45 மில்லிமீட்டர் போட்டோ, பாஸ்போர்ட் நகல், 30 வெள்ளி கட்டணம். மறுத்தாலும் கட்டணம் திரும்பாது. அங்கீகாரம் பெற்ற முகவர் வழியா, போற தேதிக்கு 30 நாளுக்குள்ள விண்ணப்பிக்கணும். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்துக் குடும்பங்கள் மாதிரி உங்களுக்கும் அங்க சொந்தக்காரங்க இருந்தா, அவங்க அங்கிருந்தே விண்ணப்பிக்கவும் வழி உண்டு.

பாஸ்போர்ட்டுக்கு இறங்குற நாள்ல இருந்து ஆறு மாசம் உயிர் இருக்கணும். பெரியவங்களுது பெரும்பாலும் சரியா இருக்கும், பிள்ளைகளுதுதான் அஞ்சு வருஷத்துல முடியும், யாரும் கவனிக்கிறதில்ல. இன்னைக்கே ஆறையும் எடுத்துத் தேதி பாருங்க. நம்ம ஆட்களுக்கு இன்னொரு தொந்தரவு இனிஷியல். பாஸ்போர்ட்ல குடும்பப் பெயர் இடம் காலியா இருக்கும், விமான இணையதளம் அதைக் கேக்கும். ஆளுக்கொரு விதமா நிரப்பாம, அந்த விமான நிறுவனம் ஒற்றைப் பெயருக்கு என்ன விதி வச்சிருக்கோ அதன்படி ஆறு பேருக்கும் போடுங்க. விசாவிலயும் டிக்கெட்டிலயும் பெயர் பாஸ்போர்ட்டோட ஒத்துப்போகணும்.

சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்குற நாளோட சேர்த்து மூணு நாளுக்குள்ள இணையத்துல நிரப்பணும். அது இலவசம். காசு கேக்கிற தளம் எதுவானாலும் அது குடிநுழைவுத்துறையோட தளம் இல்ல, உடனே மூடிருங்க.

மருந்து: சுகர், பிரஷர் மாத்திரைகளை அட்டையோட, டாக்டர் சீட்டோட கைப்பையில வையுங்க. பெட்டி தவறிப்போனாலும் மாத்திரை கையில இருக்கும். கோடீன் சேர்ந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை மாதிரி ஏதாவது தாத்தா எடுத்தா, முன்னாடியே அங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையத்துக்கிட்ட ஒப்புதல் வாங்கணுமான்னு பார்த்துருங்க. பயணக் காப்பீடு போடும்போது சுகர், பிரஷரை மறைக்காதீங்க. மறைச்சா அதனால வர்ற ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் வராது.

கொண்டுபோகக் கூடாதது: சூயிங்கம், மெல்லுற புகையிலை, இ-சிகரெட், இறைச்சி. கசகசாவும்தான். குருமாப் பொடியில கசகசா அரைச்சுப் போட்டிருந்தா அதை வீட்டிலேயே வச்சிருங்க. அல்வா, ஊறுகாய், நெய் எல்லாம் பெரிய பெட்டியில போகட்டும், கைப்பையில வச்சா பரிசோதனையில எடுத்துருவாங்க.

பாளைவாசி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மே 2-வது வாரம் ஞாயிறு முதல் வெள்ளின்னு முடிவு பண்ணிட்டோம். ஆச்சிக்குச் சாயங்காலம் விளக்கெல்லாம் பார்க்க ஆசை, அதனால சாண்ட்ஸ்தான். இப்ப ரெண்டு சந்தேகம். சைவச் சாப்பாடு எப்படி? தினப்படிக்கு வண்டி வச்சுக்கிடணுமா, டாக்ஸியே போதுமா?

வண்ணாரப்பேட்டை அக்கா

விமானத்துல இருந்தே தொடங்குங்க. முன்பதிவுல 'இந்து சாப்பாடு'ன்னு ஒண்ணு இருக்கும். அது அசைவம். நீங்க கேக்கவேண்டியது ஏசியன் வெஜிடேரியன், குறி ஏ.வி.எம்.எல். அதுதான் நம்ம பக்கத்துச் சமையல். வி.எல்.எம்.எல்.னு இன்னொரு சைவ வகை இருக்கு, அதுல முட்டை வரும். ஆறு பேருக்கும், போக வர ரெண்டு விமானத்துக்கும் தனித்தனியா பதியணும். கடைசி 24 மணி நேரத்துல மாத்த முடியாது.

ஓட்டல் காலைச் சாப்பாட்டுல இட்லி கிடைச்சாலும் கேக், பான்கேக்ல முட்டை இருக்கும். வெளிய 'சைவம்'னு சொன்னா மட்டும் போதாது. முட்டை, மீன் சாஸ், பெலாசான் மூணும் வேண்டாம்னு பேர் சொல்லிக் கேளுங்க. பெலாசான்னா இறால் அரைச்ச விழுது, கீரை வதக்கலிலும் சம்பலிலும் கண்ணுக்குத் தெரியாம கலந்திருக்கும். சிராங்கூன் ரோட்டுல 1947-ல இருந்து கோமள விலாஸ் இருக்கு. அதைச் சுத்தியுள்ள தேக்கா (லிட்டில் இந்தியா) பகுதியில சைவக் கடைக்குக் குறைவே இல்ல, எல்லாத்துலயும் தமிழ்லயே பேசலாம். ஞாயிறு சாயங்காலம் மட்டும் அங்க போகாதீங்க, வேலையாட்களுக்கு லீவு நாள், நடக்க இடமிருக்காது. புதன் காலையில வீரமாகாளியம்மன் கோயில், அப்புறம் சாப்பாடு, அதோட திரும்பிருங்க. சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோயில் 1827-ல தொடங்கினது, அதையும் அன்னைக்கே பார்க்கலாம். மத்தியானம் நடை சாத்திருவாங்க, 11 மணிக்குள்ள போயிருங்க.

கீழரதவீதி

வண்டி விஷயம். சாதாரண டாக்ஸியில நாலு பேர். ஆறு பேர் ரெண்டு டாக்ஸியில பிரிஞ்சு போனா ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடின்னு தேட வேண்டியிருக்கும். ஆறு, ஏழு பேர் ஏறுற மேக்ஸி கேப் கேளுங்க. விமான நிலையத்துக்கு மட்டும் அதைவிடப் பெருசு வேணும். ஆல்ஃபார்ட்ங்கிற ஏழு இருக்கை வண்டியில ஆறு பேர் உக்காந்தா பின்னால பெரிய பெட்டி மூணு நாலுதான் அடங்கும், ஆறு பெட்டிக்கு 13 இருக்கை வேன் சொல்லுங்க. 1.35 மீட்டருக்குக் குறைஞ்ச பிள்ளைகளுக்குத் தனியார் வாடகைக் காருல குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம், டாக்ஸிக்கு மட்டும் விலக்கு. கிராப்ங்கிற வாடகைக் கார் செயலியில சாதாரணமா புக் பண்ணினா ஓட்டுநர் பிள்ளையைப் பார்த்ததும் ஏத்த மாட்டேன்னு போயிருவார். அதனால மகனுக்கு இருக்கை உள்ள வண்டியா கேக்கணும்.

அஞ்சு நாளும் வண்டியை வச்சுக்கிட வேண்டாம். விலங்குப் பூங்காக்கள் உள்ள மண்டாய் போற நாள், யுனிவர்சல் ஸ்டுடியோஸ் உள்ள செந்தோசா தீவுக்குப் போற நாள், இந்த ரெண்டுக்கு மட்டும் ஓட்டுநரோட மணிக்கணக்குல எடுங்க. குறைஞ்சபட்சம் மூணு, நாலு மணி நேரம்னு கணக்கு வைப்பாங்க, கேட்டுக்கோங்க. மண்டாய் வடக்கே தள்ளி இருக்கு. அங்க ராத்திரி விலங்கு பார்க்கிற நைட் சஃபாரி முடிஞ்சு மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்துல வெளிய வரும், டாக்ஸி வரிசை நீண்டுரும், நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை டாக்ஸி மீட்டர்ல 50 சதவீதம் கூடுதல். திரும்புற வண்டி முன்னாடியே பேசியிருக்கணும். உள்ள டிராம் உண்டு, ஆச்சி உக்காந்தே பார்க்கலாம்.

யுனிவர்சல் ஸ்டுடியோஸுக்கு ஆறு டிக்கெட் எடுக்காதீங்க. பேட்டில்ஸ்டார் ரைடுக்கு உயரம் 125 சென்டிமீட்டர், மம்மிக்கு 122, டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102. நாலு வயசுப் பையனுக்குப் பெரிய ரைடு பெரும்பாலும் அமையாது. மகளும் நீங்களும் மட்டும் வரிசையில நிக்கிற நேரத்தைக் குறைக்கிற எக்ஸ்பிரஸ் பாஸோட போங்க, அது அன்னன்னைக்கு ஒரு விலை, தீர்ந்தும் போகும், முன்னாடியே வாங்குங்க. மத்த நாலு பேரும் பக்கத்துல உள்ள ஓஷனேரியம், அதாவது மீன் காட்சிக்கூடம். ஏ.சி. உண்டு, சமதளம், மகனுக்கும் அதுதான் பிடிக்கும்.

கார்டன்ஸ் பை தி பே கண்ணாடி மாளிகைகள் மாசத்துல சில நாள் பராமரிப்புக்கு மூடுவாங்க, நாள் குறிக்கிறதுக்கு முன்னால இணையதளத்துல பாருங்க. உள்ள குளிரும், ஆச்சிக்குச் சால்வை எடுங்க. அதுல ஒண்ணான கிளவுட் ஃபாரஸ்ட்ல லிப்டுல உச்சிக்குப் போய்ச் சரிவுப்பாதையில இறங்கி வரணும். சாயங்காலம் வெளிய 'சூப்பர் மரங்கள்'ங்கிற உயரமான செயற்கை மரங்களோட விளக்குக் காட்சி 7.45-க்கும் 8.45-க்கும். 7.45 காட்சியைப் பார்த்துட்டு மெதுவா பாலத்துல திரும்பினா 9 மணிக்கு ஓட்டல் முன்னால நீர்வீச்சுக் காட்சி.

தென்காசிச் சாரல்

கடைசி நாளைக்கு ரெண்டு விஷயம். விமானம் சாயங்காலம்னா தாமதமா காலி பண்ண அனுமதி கேளுங்க, கிடைக்கலைன்னா ஒரு அறையை மட்டும் இன்னொரு நாளைக்கு நீட்டுங்க. தாத்தா ஆச்சி மத்தியானம் படுக்க இடம் வேணும்லா.

கடையில 100 வெள்ளிக்கு மேல வாங்கினா சுற்றுலாப் பயணிகளுக்கு ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைக்கும். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதியணும். சாங்கியில பெட்டியைப் போடுறதுக்கு முன்னாலேயே அந்த ஜி.எஸ்.டி. திரும்பக் கேக்கிற எந்திரத்துக்குப் போங்க, சரக்கைக் காட்டச் சொன்னா காட்ட வேண்டியிருக்கும். பெட்டி உள்ள போயிட்டா அந்தப் பணத்தை மறந்துர வேண்டியதுதான். நகைக்கும் இதே வழிதான், ஆனா சென்னைச் சுங்கத்துல தங்கத்துக்கு உள்ள வரியில்லாச் சலுகை ஒரு வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்தவங்களுக்கு மட்டும். அஞ்சு நாள் போயிட்டு வர்றவங்க புதுசா வாங்குற தங்கத்துக்கு வரி கட்டணும். ஆச்சி இங்கிருந்து போட்டுட்டுப் போற நகை கனமா இருந்தா, கிளம்பும்போதே சென்னைச் சுங்கத்துல ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கோங்க. திரும்பும்போது கேள்வி வராது.